பதினாலடிச் சுவர்

மார்ச் 3

டிசைனர் அம்மாவுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலம்தானே? கடலைப் பார்த்த நம் ஃப்ளாட்டைச் சீர்செய்யப் போகிறேன். உப்புக்காற்றில் ஹால் அலமாரியின் கீல்கள் துருப்பிடித்துவிட்டன. ஒரு டிசைனர் வந்தார். நம் கான்கிரீட் சுவரைத் தட்டிப் பார்த்து, "பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டிடலாம் சார்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நேர்கோடும் வெளிச்சமும் போதும் என்று இந்த வீட்டை விட்டுவைக்கத் தெரிந்தவள் நீதான். வந்து பார்ப்பாயா?

சர்வேயர்

மார்ச் 11

சர்வேயர் ஐயாவுக்கு,

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து மூன்று வருடம். புருஷனிடமிருந்து முதல் கடிதம், அதுவும் அலமாரிக்காக! வரமாட்டேன். வீடு முழுக்க உங்கள் வரைபடப் பெட்டிகள். என் மேசை போட ஒரு மூலை கேட்டதற்கு, "டைனிங் டேபிள்ல வரைஞ்சா ஆகாதா?" என்றீர்கள். அது இன்னும் ஆறவில்லை.

புது அலமாரியை இங்கிருந்தே வரைந்து தருகிறேன். ஜன்னலை ஒட்டிய சுவரை அளந்து அனுப்புங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

டிசைனர்

மார்ச் 18

அம்மா தாயே,

பெட்டிகளை எல்லாம் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். என் மேல்தான் தப்பு.

சுவர் பத்தடி. சந்தேகம் என்றால் நேரில் வந்து அளந்துகொள்.

மார்ச் 25

பத்தடியா? மறுபடி அளந்து பாருங்கள்.

ஏப்ரல் 1

பத்தேதான். என் டேப் பழசு. உன் டேப்பை எடுத்துக்கொண்டு வா.

ஏப்ரல் 20

என்னங்க,

அந்தச் சுவர் பதினாலடி. அளக்கச் சொல்லி எழுதிய பிறகுதான் பார்த்தேன், வீட்டின் பிளான் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அரை அங்குலம் பிசகினால் ஊரையே மறுபடி அளக்கும் மனிதருக்கு நாலடி காணாமல் போகுமா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்? பத்தடி என்று படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள். அப்புறம் அவள் மடியிலேயே அழுதேன்.

நீங்கள் சொன்ன பத்தடிக்கே அலமாரி செய்யச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து சேரும். ஜன்னல் பக்கம் நாலடி வெறுமையாக விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். அங்கே நாற்காலி, பூந்தொட்டி எதையும் வைத்துவிடாதீர்கள்.

என் மேசை சரியாக நாலடி. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மனைவி