கேழ்வரகுப் பானையில் மூன்று நாள்

சேசு மரி சூசை

தருமபுரி தாலுகா,
18 டிசம்பர் 1938, ஞாயிறு

பெங்களூர் மடத்தில் இருக்கும் அன்புத் தங்கை சின்னபொண்ணுக்கு அக்கா லூர்துமேரி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் மாமாவும் பிள்ளைகள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

மடத்தில் உனக்கு சிஸ்டர் ஆக்னஸ் என்று பேர் வைத்த பிறகு உன்னை வீட்டுப் பேரைச் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. தபாலில் வருவதை மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து, யார் படித்தாலும் குறை சொல்ல முடியாதபடியே எழுதி வந்தேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும். நம் தெருக் கண்ணம்மாள் தன் மகளைப் பார்க்க பெங்களூர் வருகிறாள். உன் கையிலேயே கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஐப்பசியில் நல்ல மழை. கிணற்றில் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. சிவப்புப் பசு கிடாரி போட்டது. சின்னவனுக்கு இருமல் இன்னும் முழுதாக விடவில்லை, துளசிச்சாறு கொடுக்கிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி. சொன்னால் வைத்தியரிடம் போக மாட்டேன் என்கிறார்.

அம்மா கடைசி நேரத்தில் என்ன சொன்னார்கள் என்று போன மாதம் கேட்டு எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். வேறொன்றை முதலில் சொன்னால்தான் அதைச் சொல்ல வரும் போலிருக்கிறது.

எனக்கு உன்மேல் பொறாமை, சின்னபொண்ணு. இன்று நேற்று வந்ததில்லை.

கன்னியாஸ்திரி மடத்துக்குப் போக ஆசைப்பட்டவள் நான். உனக்குத் தெரியாது. பதினாறு வயதில் அப்பாவிடம் கேட்டேன். பெரியவளைக் கட்டிக் கொடுத்தால்தான் சின்னவளுக்கு வழி பிறக்கும் என்றார். அந்த வைகாசியிலேயே எனக்குக் கல்யாணம். இரண்டு வருஷம் கழித்து நீ மடத்துக்குப் போனாய். சாயங்கால செபமாலையில் மூன்றாவது பத்து மணி உருட்டி முடிப்பதற்குள் தூங்கி விழுகிற நீ. மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நாலு வண்டி கட்டிக்கொண்டு ஊரே வந்து உனக்கு மாலை போட்டது. நான் இடுப்பில் கைக்குழந்தையோடு மாட்டு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அழுதேன். தங்கையைப் பிரிகிறாள், பாவம் என்றார்கள்.

அப்பா போனபின் அம்மா என்னோடு இருந்த ஆறு வருஷமும் உன் படம் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. முந்தானையால் துடைத்தபடியே இருப்பாள். நீ முக்காடு போட்டு வந்து நின்ற அன்றைக்கு, பெற்ற மகளையே, 'உள்ள வாங்க சிஸ்டரம்மா' என்று கூப்பிட்டாள். நான் களி கிண்டிப் போட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், கால் பிடித்துவிட்டேன். எனக்குக் கடைசிவரைக்கும் 'ஏண்டி'தான். களியில் உப்புக் குறைவு, குழம்பில் புளி அதிகம். அம்மா என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள் என்று உனக்கு எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. சொல்லவில்லை.

ஆவணியில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள், திங்கட்கிழமை, சின்னவளுக்கு எழுது என்றாள். ஒரு வரி எழுதினால் போதும், மதர் அனுமதி தந்துவிட்டார், அன்றைக்கே ரயிலேறுவேன் என்று நீ எழுதியிருந்தது எனக்கும் ஞாபகம் இருந்தது. அம்மாவின் கண் முன்னால் கார்டு எழுதினேன். போட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், திரும்பி வந்து, கேழ்வரகுப் பானைக்குள் செருகி வைத்தேன். இரண்டு நாளாவது அவள் எனக்கு மட்டும் அம்மாவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சாவாள் என்று நினைக்கவில்லை, அதை மட்டும் நம்பு. உன் மாமா தந்தி அடிக்கட்டுமா என்று கேட்டபோது, கார்டு போயிற்று, வந்துவிடுவாள் என்றேன். வியாழக்கிழமை அம்மாவுக்கு மூச்சு இழுத்தபிறகுதான் பயந்து ஓடிப்போய்ப் போட்டேன். வெள்ளி விடியலில் போய்விட்டாள். உன் கைக்குக் கார்டு வந்தது சனிக்கிழமை.

தபால் பிந்திவிட்டது, அது சர்வேசுரன் சித்தம், நீயாவது பக்கத்தில் இருந்தாயே அக்கா, உனக்குக் கோடி தோத்திரம் என்று நீ பதில் எழுதினாய். அதை அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து எனக்குச் செபம் வரவில்லை. பூசைக்குப் போவேன், சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்காமல் பின்னாலேயே நின்றுவிட்டு வருவேன்.

கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் இருக்கும் தோட்டத்தில் அம்மா ஆடியில் அவரை ஊன்றியிருந்தாள். உனக்குப் பிடிக்கும் என்று உன் பேரைச் சொல்லித்தான். அதற்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஆனாலும் கொடி பந்தல் ஏறிவிட்டது. உன் மாமா சொல்லாமல் கொள்ளாமல் ஊற்றியிருக்கிறார். ஒரு நாள் காலையில் போய் ஒரு குழியிலிருந்த கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராமக்கா பார்த்துவிட்டு, பூ வைக்கிற கொடியை யாராவது பிடுங்குவாங்களா, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிட்டுதா என்று கேட்டாள். வேரில் அம்மா போட்ட எரு ஒட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து அழுதேன். பிறகு அதே குழியில் திரும்ப நட்டு, ஓலை வைத்து வெயில் மறைத்தேன்.

இரண்டு நாள் துவண்டு கிடந்தது. காலையிலும் சாயங்காலத்திலும் குடம் குடமாய் ஊற்றினேன். மூன்றாம் நாள் நுனி மட்டும் நிமிர்ந்திருந்தது. என்னை அறியாமல், 'தோத்திரம் ஆண்டவரே' என்று வாய் சொல்லியது. ஒரு மாதத்துக்குப் பிறகு என் வாயில் வந்த செபம் அது. அதற்கப்புறம் குடம் தூக்குகிற போதெல்லாம் ஏதாவது சொல்லத் தொடங்கினேன். கிணற்றில் தண்ணீர் இருந்ததற்கு, பையன் இருமாமல் தூங்கியதற்கு, கேட்காமல் தண்ணீர் ஊற்றிய மனுசனுக்கு. நீ கோவிலில் முழங்காலில் நின்று பெறுவதை நான் சாணிக்கூடையோடு பெற்றேன் என்று போட்டிக்குச் சொல்லவில்லை. பொய் எதற்கு, கொஞ்சம் போட்டிக்கும்தான். இத்தனை நடந்தும் பொறாமை முழுக்கப் போகவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தாலே நெஞ்சில் சுருக்கென்கிறது. ஆனால் இந்த வீட்டை விட்டுவிட்டு உன் இடத்துக்கு வருகிறாயா என்று இன்று யாராவது கேட்டால், மாட்டேன் என்பேன். அதுவே எனக்குப் புதிது.

போன வாரம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டு, எடுத்ததை உடையவளிடமே போய்ச் சொல் என்றார். அவர் சொன்னது அந்தக் கார்டை. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை அவரிடமும் சொல்லவில்லை.

அம்மா என்ன சொன்னாள் என்றுதானே கேட்டாய். வெள்ளி விடியலில் அவளுக்குக் கண் தெரியவில்லை. குளிருக்கு நான் தலையில் வெள்ளைத் துண்டைப் போட்டிருந்தேன். கையை நீட்டி அதைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீங்களா, சிஸ்டரம்மா?"

நான் பெரியவள்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"வந்துட்டேம்மா."

என் தலையைக் கீழே இழுத்து, பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டாள். நல்லா இருங்க என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. நீ வந்திருந்தால்கூட அம்மா இதைவிடச் சந்தோஷமாகப் போயிருக்க மாட்டாள் என்று என்னை நானே சமாதானம் செய்து பார்த்தேன். உனக்கு அது சமாதானம் ஆகாது. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. மதர் படித்தாலும் படிக்கட்டும். பதில் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதே.

பாஸ்குத் திருநாளுக்குப் பிறகாவது அனுமதி கேட்டு ஒரு நாள் வீட்டுக்கு வா, சின்னபொண்ணு. சிஸ்டராக வேண்டாம், தங்கையாக வா. அம்மா அந்தச் சிலுவையை எவ்வளவு அழுத்திப் போட்டாள், எங்கே தொடங்கி எங்கே முடித்தாள் என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. உன் நெற்றியில் அப்படியே போட்டுவிடுகிறேன். அதை இனி என்னிடம் வைத்திருக்க முடியாது.

உன் அக்கா,
லூர்துமேரி