புயலுக்குள் கொஞ்சம் மஞ்சள்

அன்பு மனைவிக்கு,

நான் சௌக்கியம். மாமாவின் கண்கட்டைப் பிரித்துவிட்டார்களா? குட்டிக்குச் சளி விட்டதா?

விடுமுறை நாளில் ஓவிய வகுப்புக்குப் போகிறேன் என்றேனே, இப்போது எண்ணெய் வண்ணத்தில் புயல்கடல் வரைகிறேன். கறுத்த மேகம், மலைபோல ஓர் அலை, அதன் அடியில் சாய்ந்த படகு. பார்ப்பவர் வயிறு கலங்க வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. நானோ அவசரக்குடுக்கை. நீலம் காய்வதற்குள் வெள்ளையைத் தேய்த்தேன். நுரையெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீராகிவிட்டது.

ஆசிரியை அதை வழித்தெடுத்துவிட்டு, "தேய்க்காதீங்க. வண்ணக் கத்தி முனையில வெள்ளையைக் கெட்டியா எடுத்து வச்சிட்டு, கையை எடுத்துடுங்க" என்றார். அப்படியே செய்தேன். அலை எழுந்து நின்றுவிட்டது. எனக்கே பயமாக இருந்தது.

படத்தை அறைக்குக் கொண்டுவந்தேன். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நாறுகிறது என்று தினமும் திட்டுபவர் என் அறைத்தோழரான சமையல்காரர். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"படகுல இருக்கறவனுக்குக் குடும்பம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்ப கொஞ்சம் வெளிச்சம் வைப்பா. வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்."

மேகத்தைக் கீறி மஞ்சள் வைத்தேன். அடுத்த வகுப்புக்கு எடுத்துப்போனபோது ஆசிரியை கலைக்கச் சொல்லவில்லை. வகுப்புச் சுவரிலேயே மாட்டிவிட்டார். இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

தூரிகை துடைக்க இங்கே கிடைக்கும் துணி எதுவும் ஈரத்தை இழுப்பதில்லை. உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. கிழிக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். புடவையைத் துவைக்காமலே அனுப்பு.

உன்னவன்