கடனட்டையும் பால்செம்பும்

இஞ்சாரும் பவளம்,

உம்மை இப்படித்தான் கூப்பிட்டேன். எழுத்திலும் வேறு விதமாகத் தொடங்க வரவில்லை. ஆனாலும் பேசுகிறவன் யார், எந்த நிலையில் நின்று பேசுகிறான் என்பதை நிறுவாமல் ஒரு வரியும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளும்.

1. கீழே கையொப்பமிடும் கந்தையா குலநாயகம் ஆகிய நான் கிளிநொச்சியில் வசிப்பவன். சட்டத்தரணியும் காணி உறுதிகள் எழுதும் நொத்தாரிசும் ஆவேன்.

2. நான் காலஞ்சென்ற பவளராணியின் கணவன். எங்கள் ஒரே மகள் கீர்த்தனாவின் தகப்பன்.

3. இதில் சொல்லப்படுபவை என் சொந்த அறிவுக்கு எட்டியவை. எட்டாதவையே அதிகம். அவற்றைக் கேள்விகளாகவே விட்டிருக்கிறேன்.

உம்முடைய ஆண்டுத் திவசம் வருகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்ததுபோல வண்ணப் படங்களுடன் ஒரு நினைவுப் புத்தகம் அடிப்போமா என்று அச்சகத்தார் கேட்டார். வேண்டாம், மடித்த ஒரு தாள் போதும் என்றேன். அந்தத் தாள்தான் இது. பந்தியில் இருந்து எழுந்து கை கழுவிவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் இதைப் படிப்பார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன். உமக்கு ஒளித்து நான் செய்தது எதுவும் இல்லை. ஊருக்கு ஒளிப்பதற்கும் இப்போது எதுவும் இல்லை.

கடன் எப்படி வந்தது என்பது உமக்குத் தெரியும். உம்முடைய நோய்க்காகக் கொழும்புக்கு வான் வண்டி பிடித்ததும், பரிசோதனைகளும், மருந்தும் என் கடனட்டையில் போயின. பிறகு உமக்குச் செய்த கிரியைகளும் அந்தியேட்டிச் சாப்பாடும் அதே அட்டையில் ஏறின. இவற்றில் ஒன்றையாவது செய்யாமல் விட்டிருக்கலாம் என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அது என் நிலைப்பாடு.

எனக்கு விளங்காமல் போனது வேறு. வங்கியில் இருந்து மாதாந்தம் வரும் கணக்குக் கூற்றில் "ஆகக் குறைந்த கொடுப்பனவு" என்று ஒரு தொகை இருக்கும். அதை உரிய திகதிக்கு முன்னரே செலுத்தி, பற்றுச்சீட்டைக் கோவையில் இட்டு, கடமை முடிந்தது என்று இருந்தேன். ஆனால் கடன் இருந்த இடத்திலேயே இருந்தது. இது வங்கியின் பிழை என்று உறுதியாக நம்பி, கோவையையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண்பிள்ளைக்கு எங்கள் கீர்த்தனாவின் வயதுதான் இருக்கும்.

"ஐயா, நீங்கள் ஒவ்வொரு மாசமும் மினிமம் மட்டும்தான் கட்டிக்கொண்டு வாறீங்கள்."

"ஓம் பிள்ளை. ஒருக்காலும் பிந்தினதில்லை."

"அதுதான் ஐயா பிரச்சினை. நீங்கள் கட்டுறது வட்டிக்கே போயிடுது."

பிந்தாமல் கட்டுவது எப்படிப் பிரச்சினையாகும்? ஈட்டு உறுதி எழுத வருகிறவர்களுக்கு வட்டி வாசகத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டுத்தான் கையொப்பம் வாங்குகிறவன் நான். எனக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லையே என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் கீர்த்தனாவிடம் சொன்னேன். அவள் கூற்றை வாங்கித் தொகையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, அம்மான்ர வயலை வித்தால் காணுமோ?"

"காணும். மிஞ்சும்."

"அப்ப வித்துப்போட்டு நிம்மதியா இருப்பம். எனக்கு வயல் என்னத்துக்கு?"

பவளம், உருத்திரபுரத்து வயல் உம்முடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறிய காலத்தில் விலைக்கு வாங்கி, உமக்குச் சீதனமாக எழுதிய காணி. யாழ்ப்பாணத்தாரின் சட்டமான தேசவழமைப்படி அது உமக்குப் பிறகு உம்முடைய பிள்ளைக்கு. எனக்கு அதில் ஒரு வரம்பும் சொந்தமில்லை. ஆகவே விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. விற்றுத் தா என்று வாங்கவும் மனம் இடம் கொடுக்கவில்லை. திவசம் வரை தவணை தா, வீட்டுச் செலவைக் கட்டுப்படுத்திக் கடனைக் குறைத்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் உன் விருப்பம் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள். மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டாள்.

அப்படித்தான் நான் உம்முடைய இராச்சியத்துக்குள் நுழைந்தேன். குசினியில் எந்தப் பேணியில் என்ன இருக்கிறது என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு தாளில் தலைப்புகள் இட்டேன்: அரிசி, மரக்கறி, மின்சாரம், கீர்த்தனா படிப்பிக்கும் பாடசாலைக்குப் போய்வரும் பஸ் செலவு, கடனட்டை. ஃபிரிட்ஜ் கதவில் அதை ஒட்டினேன். எதைக் கொடுக்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோமோ அதை மட்டும் கொடுப்பது, கடமையில்லாத கொடுப்பனவு எதுவாயினும் நிறுத்துவது என்று கோடு கீறினேன். அந்தக் கோட்டில் என்ன பிழை? இன்றும் அதை வாசித்துப் பார்க்கிறேன். வாசகத்தில் பிழையே இல்லை.

முன்வீட்டு இராசம்மாவுக்கு நீர் கொடுத்தனுப்பும் தேங்காய் நின்றது. சீனிப் பைக்கற் நின்றது. கொக்கிளாயில் இருந்து பஸ்ஸில் இறால் கொண்டுவந்து சைக்கிளில் விற்கிறவரின் பிள்ளைகளுக்கு நீர் வாங்கிக் கொடுக்கும் பாடசாலைக் கொப்பிகளும் நின்றன.

இராசம்மா ஒரு நாள் வந்தா. மகனின் பெயர் இரண்டு பத்திரங்களில் இரண்டு விதமாகக் கிடந்தது. இரண்டும் ஒருவர்தான் என்று சத்தியம் செய்து கொடுக்க ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். இப்படியான வேலைகளை நான் அவவுக்கு எத்தனையோ தரம் செய்து கொடுத்திருக்கிறேன். "ஐயா எழுதித் தருவார்" என்று நீர் படலையடியில் நின்றே சொல்லி அனுப்பிவிடுவீர்; என்னை ஒரு சொல் கேட்டதில்லை. இந்த முறை நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தொழில் வருமானமும் கடனைத் தீர்க்கும் திட்டத்தின் ஒரு பகுதி என்பதால், வழமையான கட்டணத்திலும் குறைவாக ஒரு தொகையைச் சொன்னேன். பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.

அவவின் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். பேச்சில் அந்த ஊர் இன்னும் இருக்கிறது. "சரிங்க ஐயா" என்றா. சீட்டை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டா. மறுநாளும் வழமைபோல அவ வீட்டுப் பால்செம்பு வந்தது. நான் அதை நன்றாகக் கழுவி, துடைத்து, அப்போதே திருப்பி அனுப்பினேன். பிறர் பொருளைத் தாமதிக்காமல் ஒப்படைப்பது நல்ல பழக்கம் அல்லவா?

அதற்குப் பிறகு சில நாட்களில் பால் நின்றது. மாடு வற்றிவிட்டது என்று நினைத்தேன். அவ அனுப்பும் முட்டையும் வரவில்லை. கோழிகளும் வற்றுமா? கொக்கிளாய்க்காரர் எங்கள் படலையைத் தாண்டிச் சைக்கிளில் போனார். தலையை ஆட்டினார், ஆனால் வழமைபோல ஒரு பிடி இறால் தர இறங்கவில்லை. பால்மா, முட்டை, மீன் என்று நான் ஒட்டிய தாளில் இல்லாத தலைப்புகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கொடுப்பதை நிறுத்திய வீட்டில் செலவு கூடியது. கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன், கீர்த்தனாவைக் கொண்டும் பார்ப்பித்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. சரியான கணக்கு எப்படிப் பிழையான விடையைத் தரும்?

அந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் உம்முடைய தங்கச்சி சறோ வவுனியாவில் இருந்து வந்தா. கதிரையில் இருந்து தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தா.

"என்ன அத்தான், பால்மாத் தேத்தண்ணி? முன்வீட்டு மாடெல்லாம் செத்துப்போச்சுதோ?"

"மாடு நல்லாத்தான் நிக்குது. பால்தான் வரேல்ல."

"அப்பா ரசீது குடுத்திட்டார் சித்தி," என்றாள் கீர்த்தனா.

"ஆருக்கு? இராசம்மாக்காவுக்கோ!" சறோ சிரித்த சிரிப்பில் தேநீர் சேலையில் சிந்தியது. "சரி, செம்பை என்ன செய்தனீங்கள்?"

"கழுவித் திருப்பி அனுப்பினனான்."

"வெறுஞ்செம்போ?"

"வேற என்ன? பாலைத்தான் குடிச்சாச்சே."

"ஐயோ அத்தான்! அக்கா ஒரு கறிவேப்பிலைக் கொத்தாவது போடாமல் ஆரின்ரையும் சட்டியைத் திருப்பிக் குடுத்தவாவோ? நீங்கள் அந்தச் சனத்திட்ட, உங்களுக்கும் எங்களுக்கும் கணக்கு முடிஞ்சுது எண்டெல்லோ சொல்லிப்போட்டியள்!"

நான் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பவளம். செம்பு சொன்னதாக சறோ சொல்கிறா. கணக்கு முடிப்பது நல்ல காரியம்தானே என்று கேட்டேன். அவ உம்முடைய படத்தைப் பார்த்து, "பார் அக்கா, இவரோட நீ எப்பிடிக் காலம் தள்ளினனி?" என்றா. அதற்கு நீர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னமும் தெளியவில்லை. உமக்கும் இராசம்மாவுக்கும் இடையில் எந்த உடன்படிக்கையும் இல்லை. தவணை இல்லை, விலை இல்லை, யார் யாருக்குக் கடன் என்று சொல்ல ஓர் ஆளும் இல்லை. ஆனாலும் அதை நீங்கள் இருவரும் ஒரு நாளும் மீறவில்லை. நான் பணமும் வாங்கி, சீட்டும் கொடுத்து, செம்பும் ஒப்படைத்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அத்தோடு அது முறிந்தது.

சரி, முடிக்கக்கூடாத கடன் என்று ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நான் ஆகக் குறைந்ததை மட்டும் கட்டிக்கொண்டு, கடனை முடிக்காமலே இருக்க வேண்டும் என்பதுதானே அந்த அட்டைக்கும் வசதி? அப்படியானால் அட்டைக்கும் இராசம்மாவுக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு இருக்கிறது. அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அதை ஒரு வாசகமாக எழுத உட்கார்ந்தால் பேனை நிற்கிறது. இத்தனை காலம் வாசகம் எழுதியே பிழைத்தவனுக்கு இப்படியொரு இடம் வரும் என்று நான் நினைக்கவில்லை. உமக்கு அந்த வாசகம் தெரிந்திருந்ததா, அல்லது வாசகமே தேவைப்படவில்லையா?

கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முன்வீட்டுக்குப் போனேன். இராசம்மா வாங்கவில்லை. "குடுத்தது குடுத்ததுதாங்க ஐயா. உள்ளுக்கு வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றா. குடித்தேன். பால் தேநீர். அதற்கு நான் இப்போது கடன்பட்டவனா, இல்லையா?

இனி நிகழ்கால நிலவரம். வங்கியில் இருந்த அந்தப் பிள்ளையின் உதவியால் கடன் முழுவதும் மாதாந்தத் தவணையாக மாற்றப்பட்டது. இந்த முறை ஒவ்வொரு வாசகத்தையும் வாசித்தேன், அந்தப் பிள்ளை கொட்டாவி விடும்வரை. அட்டையைக் கீர்த்தனா கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினாள். இறுக்கிப் பிடித்தால் கட்ட முடியும் என்றே தோன்றுகிறது. நிச்சயம் என்று சொல்லமாட்டேன்.

ஃபிரிட்ஜ் கதவில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறோம். தேங்காய், சீனி, கொப்பி, கட்டணம் வாங்காமல் எழுதும் சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் எந்தத் தலைப்பின் கீழ் கொண்டுவருவது என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். கீர்த்தனா அதில் "அம்மா" என்று எழுதிவிட்டாள். அது ஒரு செலவினத் தலைப்பு ஆகாது என்று ஆட்சேபித்தேன். "அப்ப நீங்களே ஒரு பேர் வையுங்கோ" என்றாள். என்னிடம் பெயர் இல்லை. ஆகவே அப்படியே இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்குச் சாட்சியாகக் கையொப்பமிட அவளைக் கேட்டேன். இதுவரை எழுதியது முழுவதையும் வாசித்தாள்.

"நான் இதில சாட்சி வைச்சால் பிறகு வயலை விக்கேலாதோ?"

"சட்டப்படி விக்கலாம் பிள்ளை. இது காணி உறுதியில்லை, கடிதம்."

"அப்ப சாட்சி என்னத்துக்கு?"

நான் பேனையை நீட்டினேன். அவள் வாங்கி மூடியைக் கழற்றினாள். பிறகு, "காலபோக நெல்லு வெட்டு முடியட்டும். அதுக்குப் பிறகும் ஏலாட்டிக் கதைப்பம்" என்று சொல்லிக் கையொப்பமிட்டாள். வயல் இந்தப் போகத்துக்குத் தப்பியது, பவளம்.

மற்றச் சாட்சிக்கு இராசம்மாவைக் கூப்பிட்டேன். கையில் செம்போடு வந்தா. வயல், வட்டி என்று நான் வாசித்துக் காட்டியபோது தலையாட்டிக் கேட்டா. தன்னுடைய பெயர் வரும் இடத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சாட்சி போட எவ்வளவுங்க ஐயா? ரசீது குடுப்பீங்கதானே?"

கீர்த்தனா குசினிக்குள் ஓடிவிட்டாள். அங்கிருந்து அவளுடைய சிரிப்பு கேட்டது. நீர் போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆகவே உமக்கு நான் இதனால் உறுதியளிப்பதாவது: என் கடனுக்காக உருத்திரபுரத்து வயலை விற்கும் எந்த உறுதியையும் நான் எழுதமாட்டேன்; வேறொருவரைக் கொண்டும் எழுதுவிக்கமாட்டேன். அட்டைக் கடனை முடிப்பேன். முன்வீட்டுக் கடனை முடிக்கமாட்டேன்.

செம்பு கழுவி மேசையில் கவிழ்த்திருக்கிறது. பின்வளவில் கறிவேப்பிலை நிற்கிறது. இரண்டு தேங்காயும் விழுந்து கிடக்கின்றன. எதைப் போட்டு அனுப்புவது என்று தெரியவில்லை. வெறுமையாக மட்டும் அனுப்பமாட்டேன்.

இங்ஙனம்,
உம்மைக் கேட்டுக் கேட்டே எழுதும் கணவன், கீர்த்தனாவின் தகப்பன்,
க. குலநாயகம்

சாட்சிகள்:
1. கு. கீர்த்தனா, மகள்
2. இராசம்மா, முன்வீடு