தே தாரிக் நிறத்தில் ஒரு தீபாவளி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜொகூரில் வார விடுமுறையை வெள்ளியிலிருந்து ஞாயிற்றுக்கு மாற்றி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அப்பா இன்னும் வெள்ளிக்கிழமை காலையில் கைலியோடு உட்கார்ந்து, "இன்னிக்கு வேலை இருக்கா லோஷி?" என்று என்னைக் கேட்கிறார். ஏர்கோன் சர்வீஸ் பண்ணுவது அவர், அட்டவணை நானாம்.

இன்று இணையத்தில் ஒரு கட்டுரை. 'இந்த இலையுதிர் காலத்தில் அன்றாடம் உடுத்த வேண்டிய நிறங்கள்.' எங்கள் ஊர் உலு திராமில் இலை உதிர்வது பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில் மட்டும், அதுவும் வருஷம் பூரா. குளிர்காலம் என்பது அப்பா சர்வீஸ் முடித்த வீட்டு ஹால். வசந்த காலம்? அப்பா பெயர் வசந்தன், அவ்வளவுதான். மற்றபடி எனக்குத் தெரிந்த ஒரே பருவம், முகத்தில் பரு வருகிற பருவம்.

ஆகவே நமக்கென்று ஓர் அறிக்கை தயாரித்தேன். வெளியிடுவோர்: தென்முனை வண்ண ஆய்வு மையம். (மையம் என் கட்டிலின் மையத்தில் இருக்கிறது.) டுரியான் பழப் பருவத்துக்குச் சுளை மஞ்சள், முள் பச்சை. புகைமூட்டப் பருவத்தில் சாம்பல் வேண்டாம், அதை வானம் முந்திக்கொண்டு உடுத்திவிடும். கடல் நீலம் போடுக. மழைப் பருவத்துக்குச் செம்மண் நிறக் கால்சட்டை, சேறு தெறித்தாலும் யாருக்கும் தெரியாது. பண்டிகைப் பருவத்துக்கு... அந்த நேரம் என் முன்னால் நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் தேநீர், ஒரு கிளாஸ் தே தாரிக் இருந்தது. சரி, தே தாரிக்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. என்ன குடும்பமோ.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பா மறுபடியும் பிளாஸ்டர் வாங்கி வந்திருக்கிறார். இந்த வீட்டில் யாருக்கும் காயமே இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லாபிஸிலிருந்து கிருஷ்ணம்மா அத்தை போன். அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தின் தீபாவளி நிறத்தை முடிவு செய்யும் ஒரே அதிகாரம். இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான்: குடும்பம் முழுக்க ஒரே நிறம், ஒரே போட்டோ. யார் யாருடைய ஆள் என்று தூரத்திலேயே தெரிந்துவிட வேண்டும். போன வருஷம் கத்தரிப்பூ. அதற்கு முந்தின வருஷம் கிளிப்பச்சை. போட்டோவில் கொய்யாவை மட்டும் காணோம்.

"லோஷி, அந்த வண்ண மையம் இருக்கே, அது கவர்மென்டா?"

"அரசு சாரா அமைப்பு அத்தை." பொய்யே சொல்லவில்லை.

"அப்ப சரி. இந்த வருஷம் தே தாரிக்தான். நம்ம தோலுக்கு எடுக்குமா?"

"பால் கொஞ்சம் தூக்கலா இருந்தா எடுக்கும்."

"வாயைப் பாரு, வாயை!"

அத்தை வீட்டுச் சமையலறையை உடைத்துப் புதுசாகக் கட்டுகிறார்கள். அதனால் இந்த முறை எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்களாம். அலமாக். முப்பது பேருக்கு ஒரு பாத்ரூம்.

ஆகஸ்ட் 16, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் அப்பா என் அறை வாசலில் நின்று, "கொஞ்சம் வெளிய போறேன். எந்தச் சட்டை போடலாம்?" என்றார். என்னை ஒருநாளும் சட்டை செய்யாத மனுஷன், சட்டைக்காக என்னிடம் வந்திருக்கிறார்! அவருடைய அலமாரி முழுக்க ஓசி டி-சட்டை: பெயிண்ட் கம்பெனி, உரக் கம்பெனி, ரத்ததான முகாம், கோயில் தண்ணீர்ப் பந்தல். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாய் மூளையை விட வேகம்.

"டுரியான் சீசன்பா. மேல மஞ்சள், கீழ பச்சை. அறிக்கையிலயே இருக்கு."

தண்ணீர்ப் பந்தல் மஞ்சள் டி-சட்டை, வேலைக்குப் போடும் பச்சைக் கால்சட்டை. தலையை நனைத்து வாரி, பவுடர் வேறு. அவர் கேட்டைத் திறந்து போவதைப் பின்னாலிருந்து வீடியோ எடுத்தேன், அத்தை மகன் ரூபேந்திரனுக்கு அனுப்ப. கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தேன்.

சீக்கிரமே திரும்பி வந்தார். மேசையில் ஒரு பிளாஸ்டர் பெட்டியை வைத்தார்.

"அவங்க சிரிச்சிட்டாங்க லோஷி."

"யாரு?"

"ஃபார்மசியில இருப்பாங்கல்ல... அவங்க. 'டுரியான் கடை எங்க போட்டிருக்கீங்க'ன்னு கேட்டாங்க. வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க."

பெயிண்ட் கம்பெனி சட்டைக்கு மாறிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். டி.வி.யைப் போடவே இல்லை.

அப்பதான் புரிஞ்சது. பிளாஸ்டர். இருமல் மிட்டாய். குதிகால் வெடிப்புக்கு களிம்பு. எல்லாம் அதுக்கா? ஐயோ அப்பா, சொல்லியிருக்கலாம்ல! சொல்லியிருந்தா மட்டும் நான் என்ன செஞ்சிருப்பேன், அதைவிடப் பெருசா சிரிச்சிருப்பேன் - வீடியோவை அழிச்சிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உளவுப் பணி. பரு களிம்பு வாங்குவதாகச் சாக்கு. (சாக்கு உண்மை. கன்னத்தைப் பார்த்தால் தெரியும்.)

பெயர் அட்டையில் 'பிரேமலா'. அப்பாவை விட ஒன்றிரண்டு வயது சின்னவராக இருக்கலாம். வெள்ளைக் கோட்டுக்கு மேலே பீச் நிறக் காலர் எட்டிப் பார்க்கிறது, கீழே கருநீலக் கால்சட்டை. ஒரே ஒரு நிறத்தை மட்டும் பேசவிட்டு மற்றதை அடக்கி வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்த ஆள்.

"மூஞ்சியைக் கையால தொடாதீங்க. பாதி அதுலயே சரியாயிடும்."

"ஆண்ட்டி, நேத்து இங்க ஒரு டுரியான் வந்துச்சா?"

கை அப்படியே நின்றது. "நீங்க... அவர் மகளா?"

"டிசைனர் நான்தான். பழத்து மேல தப்பில்ல."

"நான் விளையாட்டாதான்மா கேட்டேன். அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லுவார்னு பாத்தேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு அவருக்கு." ஏற்கனவே நேராக இருந்த மருந்து வரிசையை மறுபடி நேராக்கினார். "கோவமா இருக்காரா?"

"பேசாம இருக்கார்."

"அது இன்னும் மோசம் லா." பிறகு குரலைத் தாழ்த்தி, "நிஜமாவே அவருக்கு எங்கயாவது அடிபட்டிருக்கா? இவ்வளவு பிளாஸ்டர் வாங்குறாரே?"

"உள்காயம் ஆண்ட்டி."

முகத்தில் அப்போது வந்த நிறம் என் அறிக்கையில் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

அப்பா ஃபார்மசி ரோட்டைத் தவிர்த்து, பள்ளிவாசல் பக்கமாகச் சுற்றி வருகிறார். பெட்ரோல் வீண்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா இறந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. ஹால் படத்தில் நீலப் புடவை. இன்று அதன் முன்னால் நின்று எனக்கு என்ன தோன்றுகிறது என்று பார்த்தேன். வீட்டில் இன்னொருவர், அவருடைய பிரஷ், அவருடைய செருப்பு. பொறாமை வருமென்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

சமையலறைக்குப் போனால், அப்பா பானையிலிருந்தே சோற்றை அள்ளி நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் தியூஷனிலிருந்து முன்னாலேயே வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. நான் இல்லாத நேரமெல்லாம் இப்படித்தானா? நான் பல்கலைக்கழகம் போய்விட்டால்? பக்கத்து ஊர் ஸ்கூடாய்தான் என்றாலும் ஹாஸ்டல் ஹாஸ்டல்தானே.

உட்காருங்கப்பா-ன்னு சொல்லி தட்டு போட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தேசிய தினம். எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு கொடி. எங்கள் ஜன்னலில் அப்பாவின் துணிகள்.

அலமாரியைக் காலி செய்து, கட்டிலில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக அவர் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். சாம்பல்: டெங்கி வந்து தேறியவர். சுத்த வெள்ளை: பாஸ்போர்ட் படம். அடியில் ஒரு கடல் நீலச் சட்டை கிடந்தது, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது, மடிப்புக் கலையவில்லை. அதைப் பிடித்ததும் முகத்தில் லைட் போட்ட மாதிரி. நிறம் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், காலுக்கு எதற்கு? கீழே சும்மா ஒரு கருப்பு ஜீன்ஸ்.

"உன் பேச்சைக் கேட்டு இனிமே உடுத்த மாட்டேன்" என்றார்.

"அந்த மையம் நான்தான்பா. அறிக்கை பூரா சும்மா விட்டது. சாரி."

"அப்ப உங்க அத்தை?"

"அத்தைக்கு இன்னும் தெரியாது."

அன்றைக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார். தோள் குலுங்க. பிறகு நீலச் சட்டையை அயர்ன் பண்ண ஆரம்பித்தார். அயர்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"உனக்கு... பரவால்லையா?"

"எது?"

"ஒண்ணுமில்ல."

"பரவால்லப்பா. நிஜமா."

சட்டையின் அதே கையை மூன்றாவது தடவை தேய்த்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

புகைமூட்டம். கடல் நீலச் சட்டை. அப்பா ஃபார்மசிக்கு மாஸ்க் வாங்கப் போனார். கடைசியில் ஒரு நியாயமான காரணம்.

"என்ன சொன்னாங்க?"

"அன்னிக்கு சிரிச்சதுக்கு சாரின்னாங்க. கலர் நல்லா இருக்குன்னாங்க."

"நீங்க?"

"தேங்க்யூன்னேன்."

"அப்புறம்?"

"வந்துட்டேன்."

சாமி!

செப்டம்பர் 20, சனி

பழைய துணி விற்கும் பண்டல் கடையில் மணிக்கணக்காகத் துழாவி அப்பாவுக்குத் தே தாரிக் நிறச் சட்டை கண்டுபிடித்தேன். காலர் கொஞ்சம் பழசு, ஆனால் அவருக்காகவே கலக்கிய மாதிரி இருக்கிறது. இந்த வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் பழுப்புதான் ஓடுகிறதாம். மையத்துக்குத் தலை சுற்றுகிறது.

அப்பா, மாமாக் சாப்பாட்டுக் கடையில் பிரேமலா ஆண்ட்டியோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாராம். ஏர்கோனில் தண்ணீர் ஒழுகுகிற விஷயத்தைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். காது மட்டும் சிவப்பு.

அக்டோபர் 4, சனி

கத்திட்டேன். பக்கத்து வீட்டு நாயே குரைச்சிருச்சு.

அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறார்: "தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். வரேன்னாங்க. உங்க வீட்டுல இந்த வருஷம் என்ன கலர்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தே தாரிக்னேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, அவங்க வீட்டு ஏர்கோன் பத்திப் பேசினோம்."

"அப்பா! அது குடும்பத்துக் கலர்! எதுக்குக் கேப்பாங்க?"

அப்பா வெங்காயத்தைக் கீழே வைத்தார். யோசித்தார். முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"இல்ல லோஷி. தெரியாம அதே கலர்ல வந்து நின்னா நல்லா இருக்காது பாரு. வேற கலர் கட்டிக்கலாம்னு கேட்டிருப்பாங்க. டீசன்ட்டானவங்க."

அதுவும் இருக்கலாம். ரெண்டுல எது?

"மறுபடி கேளுங்களேன்."

"எப்படிக் கேக்குறது அதை?"

அதானே. எப்படிக் கேக்குறது?

அக்டோபர் 12, ஞாயிறு

என் சாயம் வெளுத்தது. அவனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன், ரூபேந்திரன் உளறிவிட்டான். அத்தை போனில் கத்தியதில் லாபிஸ் ஸ்டேஷனில் ரயிலே நின்றிருக்கும்.

"அரசு சாரா அமைப்பா? உன்னைச் சாத்தணும்டி!"

"கலரை மாத்திடலாமா அத்தை?"

"எல்லாரும் துணி எடுத்தாச்சு. தையல் கூலி குடுத்தாச்சு. இனிமே அது பொய் கிடையாது."

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்கு நீலத்தில் வந்தாலும் ஆண்ட்டி ஆண்ட்டிதான். அழ மாட்டேன். அப்பாவையும் அழ விடமாட்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

முதலில் கூட்டத்தைப் பற்றி. தே தாரிக் என்றால் ஒரே நிறம் என்று நினைத்திருந்தேன். ரூபேந்திரன் கோப்பி-ஓ, பால் விடாத காப்பி. அத்தை மைலோ, சாக்லேட் பால். அவர் மருமகள் வெறும் பால். என் பாவாடை தாவணி, ஐஸ் கரைந்துபோன தே. எல்லாரும் சேர்ந்து நின்றால் மாமாக் கடை மெனு. ஆனால் நடுவில் அப்பா, அந்தப் பண்டல் சட்டையில்! இரண்டு பேர் அடையாளம் தெரியாமல் "இது யாரு?" என்றார்கள். பெற்ற பெருமை என்பது இதுதான்.

அப்பா முறுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடந்தார். முறுக்கை யாருக்கும் கொடுக்கவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. கேட்டில் ஒரு கார். முதலில் குடைதான் தெரிந்தது. ஊதா. அப்பா தட்டை என் கையில் திணித்துவிட்டுச் செருப்பில்லாமல் மழையில் இறங்கிவிட்டார்.

குடை மடங்கியது.

தே தாரிக். கோப்பியும் இல்லை, மைலோவும் இல்லை. நல்லா இழுத்து ஆத்தின தே தாரிக், மெல்லிசாப் பொன் கரையோட. கண்ணுல ஏதோ - மஸ்காரா போச்சு.

அப்பாதான் முதலில் பேசியிருக்க வேண்டும். ஆண்ட்டிதான், "நனையிறீங்க" என்றார்.

உள்ளே வந்ததும் அத்தைக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை, நிறம் மட்டும்தான். "நம்ம கலர் போட்டவங்க எல்லாம் வாங்க, போட்டோ எடுக்கணும்!" ஆண்ட்டி சுவரோரம் ஒதுங்கி நின்றார். அத்தை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீங்க எந்த வழியில சொந்தம்? பாத்த மாதிரி இல்லையே."

நான் வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

"என் கூட, க்கா" என்றார் அப்பா. எல்லாருக்கும் கேட்டது.

அத்தை அந்தப் புடவையைப் பார்த்தார். அப்பா சட்டையைப் பார்த்தார். சுவரில் அம்மா படத்தையும் ஒரு தடவை பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதட்டினார்:

"அப்புறம் ஏன் அவங்களை ஓரமா நிக்க வச்சிருக்க? நடுவுல கூட்டிட்டு வாடா."

அக்டோபர் 23, வியாழன்

குடும்ப குரூப்பில் அத்தை ஒரு புது எண்ணைச் சேர்த்திருக்கிறார். கூடவே ஒரு குரல் பதிவு: "அடுத்த வருஷக் கலரை பிரேமலா சொல்லட்டும். லோஷி வாயைத் திறக்கக் கூடாது."

'பிரேமலா தட்டச்சு செய்கிறார்' என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது.

அப்பா சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் போனை எட்டிப் பார்க்கிறார். "என்ன போடுவாங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டுப் பாத்தேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க."