முகத்தைக் கேட்பதற்கு ஒரு விதி

என் கமலாக் கண்ணு,

முதலில் நம் பிள்ளைகளின் சேதி. பெரிய பேரன் கார்த்தி கொண்டாப்பூர் கம்பெனியில் டீம் லீடர் ஆகிவிட்டான். அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். சின்னவன் இன்டர் பன்னிரண்டாம் வகுப்பில் காலேஜிலேயே முதல். பாராட்டினால் தெலுங்கில்தான் பதில் சொல்கிறான். நீ ஜடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய பேத்தி பிரியா, பிளாஸ்டிக் சர்ஜரி படிப்பை முடிக்கப் போகிறாள். நம் வம்சத்தில் முதல் டாக்டர். நம் பேட்டை குஷாய்குடா முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இதையே சொல்லிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். வேறொன்று சொல்ல வேண்டும். கூச்சமாக இருக்கிறது.

இறந்தவரின் முகத்தை எடுத்து, முகம் இழந்தவருக்கு வைக்கிறார்களாம். வெளிநாட்டில் வைத்துவிட்டார்கள். இங்கே வருமுன், யாருக்கு வைப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்று எல்லா ஊருக்கும் ஒரே விதி எழுத, பிரியாவின் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடினார்கள். முகம் வெந்தவர்களின் வீட்டாரையும் அழைத்தார்கள். உனக்காக நான் போனேன்.

ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலையில் டிரம் வெடித்த பிறகு நீ வாழ்ந்த ஆறு வருடத்தையும் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். "எனக்கு மட்டும் எப்பவும் சீட்டு கிடைக்குது பாருக்கா" என்று சிரிப்பாயே, அதையும் சொன்னேன். "உதடு ரெண்டும் மூடினா போதும்க்கா, அழகு எவளுக்கு வேணும்" என்பாய். கஞ்சி புரையேறிப் புரையேறி, நெஞ்சில் சளி கட்டித்தானே போனாய்?

"கண்ணையும் கிட்னியையும் கேக்குற மாதிரி முகத்தையும் கேளுங்க. எப்படியும் நெருப்புக்குப் போறதுதானே" என்றேன்.

எதிரே ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒரு தமிழம்மா. விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் கிட்னி, கல்லீரல் எல்லாம் கொடுத்தவர். மெல்லக் கேட்டார்: "வாய்க்கரிசி எங்க போடறது?"

பிரியா அதை டாக்டர்களுக்குத் தெலுங்கில் சொன்னாள். அதே முகம் போல ரப்பரில் செய்து பொருத்திவிடுவோம் என்றார்கள்.

"பொம்மை வாயிலயா?"

அப்படியானால் முகத்தை எடுக்கும் முன்னாடியே போட்டுக்கொள்ளலாமே என்றார் ஒரு டாக்டர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"இதயம் ஓடுறப்பவே எடுக்கணும்னு இப்பத்தான சொன்னீங்க? நெஞ்சு ஏறி எறங்குறப்ப எம்புள்ள வாயில அரிசி போடணுமா?"

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு உங்க பேத்திதான? இதுன்னா குடுப்பீங்களா?"

இதை மட்டும் பிரியா மொழிபெயர்க்கவில்லை. தலை குனிந்திருந்தாள்.

"என் முகத்தை எடுத்துக்குங்க" என்றேன். இந்த வயதில் உதவாதாம். அப்போதுதான் உறைத்தது. அதுவரை நான் கேட்டதெல்லாம் அடுத்தவர் பிள்ளையின் முகம்.

உனக்காகப் போனவள், கமலா, கொடுப்பேன் என்று சொல்லவில்லை. நீ அங்கே இருந்திருந்தால் என்னை எப்படிப் பார்த்திருப்பாய்?

அந்த விதியை எழுதுவதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வீட்டாரிடம் முகத்தைக் கேட்கவே கூடாது என்று எழுதிவிடலாம் என்கிறார்கள் சிலர். வார்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, உன்னைப் போலவே அண்ணாந்துகொண்டு கஞ்சியை ஊற்றிக்கொள்கிறாள். அவளிடம் இதை யார் சொல்வது?

அடுத்த மாதம் மறுபடி கூடுகிறார்கள். நான் போவேன். கேட்கவே கூடாது என்று எழுத விடமாட்டேன். ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும், மறுத்த தாயிடம் இரண்டாம் முறை போய் நிற்கக் கூடாது என்றும் எழுதச் சொல்வேன். உன் பேத்தி என்றால் கொடுப்பாயா என்று யாராவது கேட்டால், தெரியவில்லை என்று வாய் திறந்து சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா