நல்ல கையை முதலில் நுழைத்தவர் மீது புகார்

அனுப்புநர்:
தங்கள் பணிமனை உதிரிபாகக் கிடங்குக் காப்பாளரின் மனைவி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பணியாளர் உடற்தகுதிக் குழு.

பொருள்: என் கணவரின் உடற்தகுதிச் சோதனையைக் கெடுத்தவர் மீது நடவடிக்கையும், அவருக்கு மறுசோதனையும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பக்கவாதத்தால் இடது கை வலுவிழந்த என் கணவர், வேலைக்குத் திரும்பச் சீருடையைத் தானே அணிந்து காட்ட வேண்டும் என்றீர்கள். நியாயமான விதிதான். அதில் எனக்குக் குறையில்லை.

2. இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்தபடி அவர் சட்டையை மடியில் விரித்து, முதலில் இடது கையை நுழைத்துத் தோள்வரை ஏற்றி, பிறகுதான் வலது கையைப் போடுவார். பொத்தான்களை ஒற்றைக் கையாலேயே மாட்டுவார். நேரமாகும், ஆனால் ஆகிவிடும். முதன்முறை காலர்வரை மாட்டி முடித்த அன்று, தலைவாரி விடட்டுமா என்று கேட்ட என்னை முறைத்தார். அவ்வளவு மிடுக்கு.

3. சோதனையன்று தங்கள் அலுவலர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. உதவுகிறேன் பேர்வழி என்று எழுந்துபோய்ச் சட்டையைப் பிடுங்கி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்ட பழக்கத்தில், வாகாக இருந்த வலது கையை முதலில் நுழைத்துவிட்டேன். அதன்பிறகு இடது கை வளையவில்லை. நான் இழுக்க, அவர் பல்லைக் கடிக்க, அக்குளில் தையல் விட்டது. “பிறர் உதவியுடனும் சட்டை அணிய இயலாதவர்” என்று அலுவலர் எழுதினார். கண்டதைத்தானே எழுத முடியும்?

ஆகவே இப்புகார் அவர்மீது அல்ல, என்மீது.

4. என் கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றுமுதல் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, நல்ல கையால் மற்றக் கையைத் தூக்கி என் முன் நீட்டுகிறார். “நீயே போட்டு விடு, உனக்குத்தான் சீக்கிரம் ஆகும்” என்கிறார். நானும் போட்டுவிடுகிறேன், ஐயா.

5. அவருக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டுகிறேன். தேதி கொடுத்தால் ரோஷத்துக்காவது பழகுவார். அன்று என்னை வெளியே உட்கார வைத்துக் கதவைத் தாழிடச் சொல்லுங்கள். உள்ளே எவ்வளவு நேரமானாலும் சரி, நானே வந்து கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டாம்.

இடம்: வீடு
நாள்: திங்கட்கிழமை

கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்,
(கையொப்பம்)
கிடங்குக் காப்பாளரின் மனைவி