நாலு விரற்கடை குறைந்த திரை

கொல்லைக் கொடியில் காடாத்துணி காய்கிறது. மஞ்சள் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. என் மருமகள் தெருச்சன்னலுக்குத் திரை தைக்கப் போகிறாள். துணி வந்ததும் கத்தரியை எடுத்தாள். நான்தான் பிடுங்கி வைத்துவிட்டு, "மொதல்ல முக்கிக் காயப் போடு, பெறகு வெட்டு" என்றேன். ஈரத் துணியும் மஞ்சளும் கலந்த வாசனை கூடத்துக்கு வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

உனக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இந்த வீட்டு மருமகள்களில் அஞ்சாம் வகுப்புப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீயும் ஒவ்வொரு தடவையும் புதிதாய்க் கேட்பவள் போலக் கேட்டுக்கொள்வாய்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு பொட்டிபுரத்திலிருந்து நீ வந்தபோது நான் இங்கே பழைய மருமகள். உன் அப்பா சாக்குத் தைப்பவர். உனக்கும் அந்தக் கை. நீ போட்ட தையலை நகத்தால் நெருடினாலும் அசையாது. நம் மாமியார் யாரையும் மெச்சாதவர். உன் கையை மட்டும் மெச்சினார். வேண்டுமென்றே என் முன்னால் மெச்சினார்.

ஆவணியில் ஏலக்காய் எடுப்பு தொடங்கினால் வீட்டிலிருந்து ஒரு பெண் மலையேற வேண்டும். குரங்கணிக்கு மேலே நம் ஏலத்தோட்டத்துக் குடிசையில் நாலு மாதம் கிடந்து, காய் பறிப்பவர்களுக்குச் சமைத்து, காய் உலர்த்தும் நெருப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தின வருஷம் நான் போனேன். ஆறு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். மலைக்காய்ச்சல் என்னை விட்டது, பிள்ளையை விடவில்லை. சரிவில் புதைத்துவிட்டு வெறும் இடுப்போடு இறங்கி வந்தேன். வாசலில் நின்ற மாமியார், காய் நன்றாக உலர்ந்ததா என்றுதான் கேட்டார்.

அடுத்த வருஷம் உன் முறை. அதற்குள் நம் மாமனார் மலையில் ஏதோ துரை பங்களாவுக்குப் போய்வந்தார். அங்கே சன்னலில் ஒரு துணி. கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாய் மேலே போகிறது, விட்டால் கீழே இறங்குகிறது என்று சாப்பிட உட்கார்ந்தவர் துண்டை மடித்து மடித்துக் காட்டினார். வியாபாரிகள் உட்காரும் முன்னறைக்கும், நாம் காய் பொறுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சன்னலுக்கு அதைப் போல வேண்டும் என்றார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கும் சன்னல் அது. நீ அடுக்களை நிலையில் நின்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சின்னவ கையி இங்க வேணும். பெரியவதான் மலைக்குப் பழகுனவ, அவளே போகட்டும்" என்று மாமியார் முடித்துவிட்டார். எனக்கு மூன்றாம் மாதம். தயங்கித் தயங்கிச் சொன்னேன். மலையில் யாரும் பிள்ளை பெற்றதில்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு முடிவு செய்தேன்.

சன்னலை அளந்து சொல்லச் சொல்லி என்னிடம்தான் வந்தாய். அளவில் நான் பொய் சொல்லவில்லை. ஒரு விரற்கடைகூட மாற்றவில்லை. நீ வெட்டினாய். குறுக்கே நாலு உறை மடித்துத் தைத்து மூங்கில் சிம்புகளை நுழைத்தாய். பித்தளை வளையம் கோத்துக் கயிறு ஓட்டினாய். இழுத்துப் பார்த்தபோது உன் வாயெல்லாம் பல். திரை சன்னல் கட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்போதுதான் மாமியார் காதில் விழும்படி சொன்னேன், "வெள்ளத் துணி வீட்டுல தொங்கலாமா புள்ள? மஞ்சத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்துத் தொங்கவிடு."

அவரும் ஆமாம் என்றார். புதுத் துணி நனைந்தால் சுருங்கும், நனைத்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்று என் ஆத்தா எனக்குச் சொல்லியிருந்தாள். சாக்குத் தைப்பவள் நீ. சாக்கை யார் நனைத்துத் தைக்கிறார்கள்?

காய்ந்ததும் காய்ப்பொறுக்குக்கு நடுவே அவசரமாக நீ மாட்டினாய். மேலே ஆணியைத்தான் பார்த்தாய். கீழே குனிந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பேசாமல் காய் பொறுக்கினேன். முன்னறையில் விருதுபட்டி வியாபாரிகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, ஒங்க திரையி வேட்டிய மடிச்சுக் கட்டியிருக்கு, உள்ள மெட்டியெல்லாம் தெரியுது" என்றார். அறையே சிரித்தது. நம் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் மாமியார் திரையைப் பிய்த்து உன் மேல் வீசினார். வீட்டு மானம் போய்விட்டதாம். உன் கைக்குக் கண் இல்லையாம். மலைக்கு நீயே போகட்டும் என்றார். நீ அழுதுகொண்டே துணியை விரலால் அளந்தாய். நாலு விரற்கடை.

பொதி ஏற்றிய கழுதைகள் தெருமுனையில் நின்றபோது திரும்பி என்னிடம் வந்தாய்.

"அக்கா, துணி சுருங்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சாங் கிளாசுல அதெல்லாமா சொல்லிக் குடுத்தாக?" என்றேன்.

சிரித்துவிட்டாய். நம்பிக்கொண்டு போனாய்.

உன்னோடு மலையேறிய உன் வீட்டுக்காரர் கார்த்திகையில் உன்னையும் அந்தச் சரிவில் புதைத்துவிட்டுத் தனியாக இறங்கி வந்தார். "நல்ல கையி" என்றார் மாமியார். அவ்வளவுதான். வைகாசியில் அவருக்கு வேறு பெண் கட்டி வைத்தார்கள். அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

மாசியில் எனக்கு மகன் பிறந்தான். தொட்டிலுக்குத் துணி தேடினேன். மூலையில் உன் திரை கிடந்தது. சிம்புகளை உருவிவிட்டு அதையே கட்டினேன். கல் மாதிரிப் பையன். அவனுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் அதில் தூங்கினார்கள். இப்போது என் பேத்தி தூங்குகிறாள். மஞ்சள் எப்போதோ வெளுத்துவிட்டது. உன் தையல் ஓர் இடத்தில்கூட விடவில்லை.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அந்த ஆவணி திரும்பி வந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். என் வயிற்றில் இருந்தவன் இன்றைக்கு இந்த வீட்டை ஆள்கிறான். நீ தெருமுனையில் கேட்டதற்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது.

தெரியும். நீ கத்தரியை எடுப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

மருமகள் கூப்பிடுகிறாள். துணி காய்ந்துவிட்டதாம். நனைப்பதற்கு முன் துணியின் நீளத்துக்கு அவள் சுவரில் இட்டு வைத்த குறியோடு துணியைச் சேர்த்துப் பிடித்து, இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தேன். "எம்புட்டு அத்தே சுருங்கியிருக்கு?" என்கிறாள்.

நாலு விரற்கடை.